மருந்துப் பெட்டி கடந்துவரும் பாதை: புதிய மருந்தாளுநருக்கு ஒரு வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தவுடன் ஸ்டோர் சாவிக்கொத்து உங்கள் கைக்கு வந்துவிடும். எந்த மாத்திரை எந்த நோய்க்கு என்பதெல்லாம் படித்து வந்ததுதான். அதை எங்கே வைப்பது, எவ்வளவு கேட்டு வாங்குவது, வண்டியில் எப்படி ஏற்றுவது, துணை சுகாதார நிலையம் வரை எப்படி அனுப்புவது என்பதைத்தான் பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறது. வேலையோ பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். ஒழுங்கான அலமாரியில் சும்மா கிடக்கிற மருந்து அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற இடங்களில்தான் அது கெடும், குறையும், காணாமல் போகும், மாறியும் போகும். அதனால் இந்தக் கட்டுரையையும் அந்தப் பாதையிலேயே கொண்டுபோகிறேன்: மாவட்டக் கிடங்கு, வண்டி, ஸ்டோர், குளிர்பெட்டி, வார்டு, கடைசியில் நோயாளியின் வீடு.

கேட்பதற்கு முன்னால் கணக்கு

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுப்பது அதன் வேலை. கிடங்குக்கு வரும் சரக்கு உடனே வெளியே போகாது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியதென்று முடிவு வந்த பிறகுதான் வழங்குவார்கள். ஆக, கிடங்கின் வாசல்வரை தரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்கிறார். வாசலைத் தாண்டியபின் பொறுப்பு நம்முடையது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கியிருப்பது ரூபாய்க் கணக்கு. எடுக்க எடுக்கக் கழியும். இருமல் மருந்தை அள்ளிக்கொண்டு வந்தால் வருஷக் கடைசியில் வேறொன்றுக்குப் பணம் இருக்காது. அள்ளிக்கொண்டு வந்த இருமல் மருந்தும் எக்ஸ்பைரி ஆகிக் கிடக்கும்.

கணக்கு இப்படி: மெட்ஃபார்மின் 500 மாதம் 12,000 மாத்திரை செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு தடவை கிடங்குக்குப் போகிறீர்கள். ஒரு மாதச் செலவு, அதற்கு மேல் அரை மாதக் காப்பு, ஆக 18,000. கைவசம் 5,000 இருந்தால் 13,000 கேளுங்கள்.

இதில் பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. போன மாதம் 20ஆம் தேதியே சரக்கு தீர்ந்துவிட்டது என்றால், பதிவேட்டில் 8,000 செலவு என்றுதான் இருக்கும். அதையே மாதச் செலவு என்று எடுத்து இன்டென்ட் (மருந்து கேட்கும் பட்டியல்) போட்டால், அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் தீரும். 20 நாளில் 8,000 என்றால் 30 நாளைக்கு 12,000. மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே 'மருந்து இல்லை' என்று சொல்லித் திருப்பியனுப்பும் நாட்கள் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

பருவத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், டாக்ஸிசைக்ளின், சலைன் எல்லாம் கூடுதலாக இருக்க வேண்டும். மழை பெய்து பாதை முழுகிய பிறகு கிடங்குக்கு வண்டி அனுப்ப முடியாது.

சில மருந்துகளுக்கு மாதச் சராசரி என்ற பேச்சே கிடையாது. பாம்புக்கடி விஷமுறிவு மருந்து, ஆக்ஸிடோசின், மெக்னீசியம் சல்பேட், அட்ரினலின், அட்ரோபின் இவையெல்லாம் மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும், பிறகு ஒரே ராத்திரியில் தேவைப்படும். விஷமுறிவு மருந்தின் முதல் தவணையே 8 முதல் 10 வயல் (மருந்துக் குப்பி). ஸ்டோரில் 4 இருக்கிறது, 'இருப்பு உண்டு' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. இந்தப் பட்டியலை மட்டும் வாராவாரம் கையால் எண்ணுங்கள்.

வண்டியும் வாசலும்

கிடங்கிலிருந்து எடுத்துவரும்போது சலைன் பெட்டிகள் அடியில், மாத்திரை மேலே. இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஏற்றுபவர் வழியில் எதை முதலில் இறக்க வேண்டும் என்று பார்ப்பாரே தவிர எது நசுங்கும் என்று பார்க்க மாட்டார். தார்ப்பாய் வெயில் காலத்திலும் வேண்டும். பிளீச்சிங் பவுடரை மருந்தோடு ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் தனி டிரம்மில் மூடி, வண்டியின் மறுகோடியில் வையுங்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் மாத்திரை அட்டையின் அலுமினியத்தையும் அரிக்கும், கத்தரிக்கோல் ஃபோர்செப்ஸையும் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டோரிலும் இதே விதிதான். பிளீச்சிங் பவுடர், லைசால், பினாயில், ஸ்பிரிட் எல்லாம் வேறு அறையில்.

வண்டி வந்து நின்றதும் முதலில் இறங்க வேண்டியது குளிரில் வைக்க வேண்டியவை. இன்சுலினும் ஆக்ஸிடோசினும் வெளியில் நிற்க, நீங்கள் சலைன் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அவற்றை அதற்குரிய குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்து மற்றதைத் தொடங்குங்கள்.

எண்ணும்போது இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிப் பெட்டியாகப் போங்கள். பெயர், வீரியம், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, எண்ணிக்கை. வீரியத்தில் கவனம்: அம்லோடிபின் 2.5 கேட்டதற்கு 5 வந்திருக்கும், அட்டையின் நிறம் ஒன்றாகவே இருக்கும். ஈரமான, நசுங்கிய, டேப் பிரிந்த பெட்டிகளைக் கட்டாயம் திறந்து பாருங்கள். சலைன் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து லேசாக அமுக்கினால் கசிவு தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் தூசும் கலங்கலும் தெரியும்.

டிரைவர் அவசரப்படுவார். 'சார், கையெழுத்து போடுங்க, அப்புறம் எண்ணிக்கலாம்' என்பார். எண்ணி முடிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். குறைந்தால் அங்கேயே, அவர் முன்னிலையில், இன்வாய்ஸிலேயே எழுதுங்கள். மறுநாள் போனில் சொல்வது வெறும் புகாராகத்தான் நிற்கும்.

ஸ்டோர் அறை

தரையில் எதையும் வைக்காதீர்கள். கீழே மரப்பலகையோ பிளாஸ்டிக் பேலட்டோ போட்டு, தரையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உயர்த்துங்கள். சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி. அடுக்கின் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அட்டைப்பெட்டியில் அம்புக்குறி இருந்தால் அது மேல்பக்கம் பார்க்க வேண்டும். சுவர் இடைவெளியை இடம் வீணாகிறதென்று அடைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் முதலில் ஏறுவது சுவரை ஒட்டிய அட்டைப்பெட்டியில்தான். கரையானுக்கும் அதுதான் வழி. இடைவெளி இருந்தால் டார்ச் அடித்துப் பார்க்கலாம், பூனை போய்வரலாம். பூனை என்பது விளையாட்டுக்குச் சொன்னது. எலிக்கு ஜன்னலில் வலையும் கதவடியில் தகரப்பட்டையும் போடுங்கள்.

வெப்பம். பெரும்பாலான மாத்திரைகளின் லேபிளில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றோ 25 டிகிரிக்குக் கீழ் என்றோ இருக்கும். வேலூரிலோ கரூரிலோ மே மாதம் மதியம் மூன்று மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையின் மேல்தட்டில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு மேல்தட்டில் மருந்து வைக்க மனம் வராது. பஞ்சு, கட்டுத்துணி, பதிவேடு, காலி டப்பா இவற்றை மேலே ஏற்றுங்கள். மருந்து நடுத்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வரட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்கள், கிடைக்கும்வரை எதிரெதிர் ஜன்னல்களைக் காலையில் திறந்து வையுங்கள். மேற்குப் பக்க ஜன்னலுக்குத் திரை கட்டாயம். ரப்பர் கையுறையும் வெயில் பட்டால் நாளடைவில் இற்றுப்போகும். போடும்போதே கிழிகிற கையுறை வந்தால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று பாருங்கள்.

அடுக்கும் முறைக்கு ஒரே விதி: எது முதலில் எக்ஸ்பைரி ஆகிறதோ அது முன்னால். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது மளிகைக் கடைக்குப் போதும். இங்கே இன்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிட முன்னால் காலாவதியாவது சகஜம். பெட்டியின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் எக்ஸ்பைரி மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக எழுதுங்கள், மூன்றடி தள்ளி நின்று படிக்கிற அளவுக்கு.

அகரவரிசையில் அடுக்குவதா, நோய்வாரியாக அடுக்குவதா என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. பெயர் ஒரே மாதிரி தொடங்கும், மாத்திரையும் வெள்ளை. அகரவரிசை இவை இரண்டையும் கொண்டுவந்து ஒட்டி உட்கார வைக்கும். அதைவிட ஆபத்து பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல். ஊசி மருந்தைக் கலக்கப் பயன்படும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலைப் போலவே தோற்றம். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைத் தனி டப்பாவில், சிவப்பு லேபிள் ஒட்டி, வேறு தட்டில் வையுங்கள். அதே தட்டில் டிஸ்டில்டு வாட்டர் இருக்கவே கூடாது.

பின் கார்டு என்கிற சின்ன அட்டையை ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் தொங்கவிடுங்கள். வந்தது, போனது, மிச்சம். ஆன்லைனிலும் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் மின்சாரம் போன மதியத்தில் உண்மை சொல்வது அந்த அட்டைதான். வாரம் பத்து மருந்து என்று எடுத்து, அட்டையும் கையிருப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வருஷக் கடைசியில் ஒரேயடியாக எண்ணினால் வித்தியாசம் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மயக்க, போதை வகை மருந்துகள் இருந்தால் இரட்டைப் பூட்டு, தனிப் பதிவேடு. உடைந்த ஆம்பூலுக்கும் கணக்கு எழுத வேண்டும்.

குளிர்பெட்டி: இங்கே கொஞ்சம் நிற்போம்

தடுப்பூசி விஷயத்தில் பொதுவான பயம், 'வெளியில் வைத்தால் கெட்டுவிடும்' என்பது. நம் ஊர் வெயிலுக்கு அது நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்திலேயே அதிகமாகக் குளிர வைத்து உறையவிடுவதும் அதே அளவு கெடுதல். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டி.பி.டி., டி.டி., பி.சி.வி. (நிமோகாக்கல்), ஐ.பி.வி. (போலியோ ஊசி) இவை உறைந்தால் செத்தன. மறுபடி இளகிப் பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைக்குப் போட்டால் பாதுகாப்பு இருக்காது. வெப்பத்தை அதிகம் தாங்காதவை போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) போன்றவை.

வயலின் மேல் ஒட்டியிருக்கும் வி.வி.எம். (வேக்சின் வயல் மானிட்டர்) குறியைப் பார்க்கப் பழகுங்கள். ஊதா வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ தள்ளுபடி. இந்தக் குறி சூட்டை மட்டும்தான் சொல்லும். உறைந்துபோன வயலிலும் சதுரம் வெள்ளையாக, அழகாக இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். (ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜரேட்டர்) எனப்படும் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. டீப் ஃப்ரீசரில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டீப் ஃப்ரீசர் ஐஸ் பேக் உறைய வைக்கத்தான், தடுப்பூசி வைக்க அல்ல. ஐ.எல்.ஆர். ஏன் மேல்பக்கம் திறக்கிறது என்றால், குளிர்ந்த காற்று கனமானது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்தாலும் கொட்டிப் போகாது. முன்பக்கம் திறக்கும் வீட்டு ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்ததும் குளிர் காலடிக்கு வந்துவிடும். ஐ.எல்.ஆரின் சுவருக்குள் ஐஸ் சூழ்ந்திருப்பதால் நாளைக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது சமாளிக்கும்.

அடுக்குவது எப்படி? பெட்டியின் அடியும் சுவரோரமும்தான் அதிகக் குளிர். அதனால் கம்பிக்கூடையில்தான் வைக்க வேண்டும், அடித்தரையில் வைக்கக் கூடாது. சூட்டுக்குப் பயப்படுபவை கூடையின் கீழ்ப்பகுதியில், உறைவதற்குப் பயப்படுபவை மேலே. கூடை இல்லையென்றால் அடியில் தண்ணீர் இல்லாத காலி ஐஸ் பேக்குகளை இரண்டு வரிசை பரப்பி, அதன் மேல் வையுங்கள். பெட்டிகளுக்கு நடுவே காற்றோட இடம் விடுங்கள். தெர்மாமீட்டரைப் பென்டாவேலன்ட் போன்றவற்றின் நடுவில் தொங்கவிடுங்கள், ஏனென்றால் நமக்குத் தெரிய வேண்டியது அங்கே எவ்வளவு என்பதுதான்.

வெப்பநிலையைக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் உட்பட. பதிவேட்டில் வரிசையாக 4, 4, 4, 4 என்று ஒரே மையில் இருந்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். விடுமுறை நாளில் யார் எழுதுவது என்பதைச் சுற்று வைத்து, பெயரோடு சுவரில் ஒட்டிவிடுங்கள். தடுப்பூசி இருப்பையும் குளிரையும் ஆன்லைனில் கண்காணிக்கும் இ-வின் அமைப்பின் கருவி வெப்பநிலையைத் தானாகவே அனுப்பும், எல்லை மீறினால் போனுக்குச் செய்தியும் வரும். ஆனாலும் கையால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். எழுதப் போகிறவர்தான் பிளக் கழன்றிருப்பதையும் ஸ்டெபிலைசர் கருகும் வாடையையும் கவனிப்பார்.

சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மட்டமான தரையில், வெயில் படாத இடத்தில் பெட்டி நிற்கட்டும். ஒரு பெட்டிக்கு ஒரு ஸ்டெபிலைசர். அந்த பிளக் பாயின்ட்டை வேறு யாரும் செல்போன் சார்ஜ் போடத் தொடக் கூடாது. பனி 5 மி.மீ. கனத்துக்குப் படிந்தால் உருக்க வேண்டும், கத்தியால் சுரண்டக் கூடாது. கரண்ட் போனால் முதல் வேலை, திறக்காமல் இருப்பது. மூடியில் ஒரு தாள் ஒட்டி 'திறக்காதே' என்று எழுதிவிடுங்கள். நீண்ட நேரமாகும் என்று தெரிந்தால் ஐஸ் பேக்கை இளக்கி, தடுப்பூசியைக் கோல்டு பாக்ஸில் (மின்சாரம் இல்லாமல் குளிர் காக்கும் பெரிய பெட்டி) மாற்றி, பக்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையம், யாரிடம் சாவி, எந்த வண்டி என்பதை இன்றே எழுதி அந்த அறையிலேயே ஒட்டுங்கள்.

உறைந்ததோ என்று சந்தேகமா? அலுமினிய உப்பு கலந்த பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி. வகைகளுக்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே கம்பெனி, அதே பேட்ச்சில் ஒரு வயலை எடுத்து 'சோதனைக்கு' என்று எழுதி டீப் ஃப்ரீசரில் நன்றாக உறையவிட்டு, பிறகு இளகவிடுங்கள். அதையும் சந்தேக வயலையும் சேர்த்துப் பிடித்து 10, 15 விநாடி குலுக்கி மேஜைமேல் வைத்து, அரை மணி நேரம் வரை பாருங்கள். வேண்டுமென்றே உறைய வைத்ததில் வண்டல் சீக்கிரம் அடியில் படியும். சந்தேக வயலிலும் அதே வேகத்தில் படிந்தால் அது உறைந்ததுதான், தள்ளிவிடுங்கள். மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். கல்லாக உறைந்தே கையில் கிடைத்தால் சோதனையே தேவையில்லை, தள்ளுபடி.

இன்னொன்று. ஐ.எல்.ஆரில் தடுப்பூசியும் அதற்கான கரைதிரவமும் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். டாக்டரின் தயிர் சாதம் மட்டுமல்ல, ஆக்ஸிடோசின், இன்சுலின், மயக்க மருந்து எதுவும் வேண்டாம். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் அட்ராகூரியம் மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. வயல்கள் ஒரே மாதிரி இருந்தன, ஒரே குளிர்பெட்டியிலும் இருந்தன. பிரசவ அறைக்கான ஆக்ஸிடோசினுக்கும் நீரிழிவுப் பிரிவின் இன்சுலினுக்கும் தனியாக ஒரு ஃப்ரிட்ஜ் கேட்டு எழுதுங்கள். அந்த ஃப்ரிட்ஜிலும் கதவுத்தட்டில் வைக்காதீர்கள், ஃப்ரீசருக்கு ஒட்டியும் வைக்காதீர்கள்.

புதன்கிழமைப் பயணம்

தடுப்பூசி நாளன்று கிராம சுகாதார செவிலியர் அம்மா வேக்சின் கேரியரோடு (தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர் கைப்பெட்டி) கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னாலேயே உங்கள் வேலை தொடங்கிவிடும். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் போட்டால், பக்கத்தில் இருக்கும் பென்டாவேலன்ட் உறைந்துவிடும். எடுத்து மேஜையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். மேலே படிந்த பனி மறைந்து வியர்க்கத் தொடங்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டதா, இப்போது துடைத்துவிட்டு வையுங்கள். கடிகாரத்தை நம்பாமல் காதை நம்புங்கள். மார்கழிக்கும் சித்திரைக்கும் நேரம் ஒன்றாக இருக்காது.

கேரியரின் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக். நடுவில் வயல்களும் கரைதிரவமும், ஜிப் கவரில், லேபிள் நனையாதபடி. சிரிஞ்ச் வெளியில் தனிப் பையில். எம்.ஆர். வயல் எத்தனையோ அத்தனை கரைதிரவம், அதே கம்பெனியுடையது, முந்தின நாளே ஐ.எல்.ஆரில் குளிர்ந்திருக்க வேண்டும். நார்மல் சலைனோ டிஸ்டில்டு வாட்டரோ மாற்றாகாது. அடிக்கடி திறக்காமலிருந்தால் கேரியர் சுமார் 12 மணி நேரம் தாங்கும். வண்டியின் முன்பக்கம் வெயிலில் தொங்கவிடாமல் நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

அங்கே வயலைத் திறந்தவுடன் தேதியும் நேரமும் எழுதுவது செவிலியர் வேலை, திரும்பி வந்ததும் அதைப் படித்துப் பார்ப்பது உங்கள் வேலை. பி.சி.ஜி., எம்.ஆர்., ஜே.இ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்), ரோட்டா (வயிற்றுப்போக்கு) இவை திறந்து 4 மணி நேரம்தான். பென்டாவேலன்ட், டி.பி.டி., ஹெபடைடிஸ் பி, போலியோ சொட்டு, பி.சி.வி. போன்றவற்றை 28 நாள் வரை வைத்துப் பயன்படுத்தலாம், நிபந்தனைகளோடு: எக்ஸ்பைரி தாண்டவில்லை, வி.வி.எம். சரி, குளிர்ச்சங்கிலி அறுபடவில்லை, ரப்பர் மூடி தண்ணீரில் முழுகவில்லை. உருகிய ஐஸ் தண்ணீரில் மிதந்து வந்த வயலைப் பாவம் பார்க்காமல் தள்ளுங்கள். 4 மணி நேர வகையின் திறந்த வயல்களையும் உடனே எறியக் கூடாது. ஊசி போட்ட குழந்தைக்கு ஏதாவது ஆனால் பரிசோதிக்க அவை வேண்டும். தனிக் கவரில், 'பயன்படுத்தாதே' என்று எழுதி, 48 மணி நேரமோ அடுத்த தடுப்பூசி நாள் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை ஐ.எல்.ஆரிலேயே வையுங்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர்

கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். நின்ற நிலையில், சங்கிலி போட்டு, நிரம்பியதும் காலியும் தனித்தனியாக, போர்டு எழுதி வைக்க வேண்டும். தரையில் படுக்கவைத்து உருட்டாமல் டிராலியில் கொண்டுபோங்கள். வால்வு, ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் படக் கூடாது, தீப்பிடிக்கும். இறுக்கமாக இருக்கிறதென்று ஒருவர் எண்ணெய் விடத்தான் வருவார், தடுத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கு ரெஃபர் செய்யும் நேரத்தில் உயிர் காக்கும். பெரிய டி டைப்பில் ஏறக்குறைய 7,000 லிட்டர், சின்ன பி டைப்பில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் பி டைப் 5 மணி நேரம், 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி. அது நிரம்பிய சிலிண்டருக்கு. முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. மாவட்டத் தலைமை மருத்துவமனை போய்ச்சேர ஒன்றரை மணி ஆகுமென்றால், பாதி சிலிண்டரோடு ஆம்புலன்ஸை அனுப்பாதீர்கள்.

ஸ்டோரிலிருந்து வார்டுக்கு

ராத்திரியில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி உங்கள் வீட்டில் இருக்கும், பாம்பு கடித்தவர் வாசலில் இருப்பார். இதற்குப் பதில் உங்கள் போன் நம்பர் அல்ல. விஷமுறிவு மருந்து 10 வயலுக்குக் குறையாமல், மற்ற அவசர மருந்துகளோடு, டியூட்டி ஸ்டாஃப் நர்ஸின் பொறுப்பில் அவசர அறையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் தட்டைப் பார்த்துக் கையெழுத்து. செலவானதை மறுநாள் காலை முதல் வேலையாக நிரப்புங்கள்.

ஆட்டோகிளேவ் செய்த (நீராவியில் கிருமி நீக்கிய) டிரம்மையும் அழுக்குத் துணியையும் ஒரே டிராலியில், ஒரே நேரத்தில் கொண்டுபோகக் கூடாது. டிராலி ஒன்றுதான் இருக்கிறதென்றால் காலையில் சுத்தமானது, பிறகு அழுக்கு, அதன் பிறகு டிராலியைக் கழுவுதல். பொதியில் ஒட்டிய ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருப்பது அது சூடு கண்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். 121 டிகிரியில் பொதிந்த பொருளுக்கு 30 நிமிடம் ஆனதா என்பதைப் பதிவேட்டில் பாருங்கள். ஈரமாக வந்த பொதியைத் திருப்பி அனுப்புங்கள். டிரம்மின் துளைகளை மூடியிருக்கிறார்களா, தேதி எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திறந்த டிரம்முக்கு 24 மணி நேரம்.

காலாவதியானவற்றைத் தனி இடத்தில், பூட்டி, பட்டியலோடு. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை மஞ்சள் பிரிவு, அதாவது மஞ்சள் பையில் போக வேண்டிய கழிவு. வாஷ்பேசினில் ஊற்றுவதும் பின்பக்கம் போட்டுக் கொளுத்துவதும் குற்றம். வார்டுக் கழிவும் 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் தங்கக் கூடாது. கழிவு வண்டி வரும் வழியும் மருந்து இறங்கும் வழியும் ஒன்றாக இருந்தால், நேரத்தையாவது பிரித்துவிடுங்கள்.

வீடுவரை

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் தன்னார்வலர் பையில் ஏறி வீடு வீடாகப் போகின்றன. பாதை இன்னொரு கை நீண்டிருக்கிறது. அவரிடம் கொடுக்கும்போது நோயாளிவாரியாகப் பிரித்து, கவரில் பெயரும் வேளையும் எழுதிக் கொடுங்கள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எண்ணிப் போடாதீர்கள், அட்டையாகவே வெட்டுங்கள். வெட்டும்போது எக்ஸ்பைரி அச்சான முனை நோயாளியிடம் போகட்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலுள்ள டிக்கியில் மருந்துப் பையை வைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். மே மாதத்தில் அது அடுப்பு.

இன்சுலின் வாங்கிப் போகிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வயலை நல்ல கவரில் கட்டி, மண்பானைத் தண்ணீரோடு சேராமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துப் பானைக்குள் வைக்கச் சொல்லலாம், அல்லது ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்த சின்ன மண்கலயத்தில் வைக்கலாம். இப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், நல்லது என்று நினைத்து அங்கேதான் வைப்பார்கள்.

நோயாளி இறந்த வீட்டிலிருந்தோ மருந்து மாற்றப்பட்ட வீட்டிலிருந்தோ மீந்த மாத்திரைகள் பையில் திரும்பி வரும். அட்டை பிரியாமல், எக்ஸ்பைரி ஒரு வருஷம் இருந்தாலும், அவற்றை ஸ்டோர் இருப்பில் சேர்க்காதீர்கள். எந்த வெயிலில், எந்த ஜன்னலோரம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தனிப் பதிவேட்டில் எழுதி, மஞ்சள் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.